ஹெலிகாப்டர் கேட்ட பள்ளிக்கூடம்

"கெராணியாரே, பெரிய வாத்தியார நாக்காலியில கட்டிப் போட்டுட்டாங்க."

காவல்கார ஜாகா சன்னாசி ஆபீஸ் வாசலில் நின்று இதைச் சொன்னபோது, தோட்டத்துக் கணக்கெழுதும் தலைமைக் கிராணி சதாசிவம் மேசைக்கு அடியில் குனிந்து தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அந்தக் குடையைக் காணோம். காணாமல் போன நாளிலிருந்து வீட்டில் பசியாறும்போதெல்லாம் மனைவி காளியம்மா அதைப் பற்றியே பேசினாள்.

"யாரு கட்டுனா?"

"மூஞ்சியில கறுப்புத் துணி கட்டுன ஆளுங்கய்யா. நாலஞ்சு பேரு இருக்கும். கையில துப்பாக்கி. சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். அசைஞ்சா சுட்ருவேன்னு ஒருத்தன் சொன்னான். நான் அசையாமத்தான் ஓடியாந்தேன்."

"புள்ளைங்க இருக்குதுங்களா உள்ள?"

"இருக்குதுங்க. லீவு நாளுல என்னாத்துக்குப் பள்ளிக்கூடம் போச்சுங்கன்னுதான் தெரியல."

அது எண்பத்தைந்தாம் வருஷத்து டிசம்பர் விடுமுறை. ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில், முகமூடி, துப்பாக்கி என்றால் வயதானவர்களுக்குப் பழைய கம்யூனிஸ்டு ஊரடங்குக் காலம்தான் ஞாபகத்துக்கு வரும். சன்னாசிக்கும் வயதாகியிருந்தது.

வேறு யாராவது இருந்தால் பந்துத் திடலைத் தாண்டிப் போய் என்ன ஏது என்று ஒரு முறை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். சதாசிவம் டெலிபோனை எடுத்துத் தோட்ட மேனேஜரான தொரையின் பங்களாவுக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் செய்த முதல் தப்பு அதுதான். மற்ற தப்புகள் எல்லாம் இதைச் சரிசெய்யப் போய்ச் செய்தவை.

சதாசிவத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பொய் சொல்ல வராது. ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பத்தில் பிறந்து, படித்து, அதே தோட்டத்தில் கிராணியாக உட்கார்ந்தவர். பொய் சொல்ல முயன்றால் காது இரண்டும் சிவந்துவிடும். குரல் மேடேறும் லாரி மாதிரி திணறும். தொழிலாளர் லயத்துப் பெண்கள் அவரிடம் ஏதாவது கேட்டால் பதிலைக் கவனிப்பதில்லை, காதைத்தான் பார்ப்பார்கள்.

தொரை இராஜசிங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரத் தொரைகள் எல்லாம் போன பிறகு வந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். கையில் எப்போதும் ஒரு பெரிய கைக்குட்டை இருக்கும்.

"பதட்டப்படாதையும் சதாசிவம். போலீசுக்கு ஒருத்தரும் போகக் கூடாது. பேப்பரிலை பேர் வந்தால் கம்பெனிக்காரர் எங்களைத்தான் தின்பினம்."

"சரிங்க சார்."

தொரை கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மணி அடிக்கும்போதே போனைச் சதாசிவத்திடம் நீட்டினார்.

"நீரே சொல்லும். நான் சொன்னால் கூட்டிச் சொல்லுறன் எண்டு நினைப்பினம்."

சதாசிவம் நடுங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் அரண்டுபோனார். பங்குதாரர்கள் கூடப்போகிற சமயம். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்று உத்தரவு வந்தது. சதாசிவம் தன் கைக்குட்டையை ஓர் அடிக்கோலில் கட்டி வெள்ளைக்கொடியாகப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். போகும் வழியில் மாரியம்மனுக்குக் கோழி நேர்ந்துகொண்டார்.

திடலின் நடுவில் போகும்போது பள்ளிக்கூடச் சன்னலில் கட்டியிருந்த கோயில் ஒலிபெருக்கியிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"நில். இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் நடப்பதே வேறு. எங்களுக்கு ஒரு ஹெலிகாப்டர் வேண்டும். சூரியன் மறைவதற்குள் வராவிட்டால் தலைமையாசிரியரின் மீசையில் ஒரு பக்கத்தை மழித்துவிடுவோம்."

சதாசிவம் கொடியோடு சேர்த்துக் கைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தலைமையாசிரியர் அப்பாவு நாற்காலியில் கட்டப்பட்டிருந்தார். தரையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார்கள். கொள்ளைக்காரத் தலைவன் துப்பாக்கியோடு அவர்முன் வந்து நின்றான். சதாசிவம் பயத்தில் தலையைக் குனிந்தார். தலைவன் காலில் நீலச் சிலிப்பர். அதில் அறுந்த வாருக்குச் சேப்டி பின் குத்தியிருந்தது. போன வாரம் அந்தப் பின்னைக் குத்திக் கொடுத்தவர் சதாசிவமேதான்.

"பாப்பா?"

"அப்பா, கேமராவுக்குக் குறுக்க வராதீங்க. நல்லா வந்துக்கிட்டிருந்த சீனு."

மூலையில் ஒரு வாலிபன் தோளிலிருந்து பெரிய வீடியோ கேமராவை இறக்கி, "வணக்கம்ணே" என்றான்.

பாப்பா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். பதினேழு வயசு. பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா இருக்கிறாள் என்று சதாசிவம்தான் நினைத்திருந்தார்.

"படம் எடுக்குறோம்பா. பள்ளிக்கூடத்தப் புடிச்சு வச்ச கொள்ளக்காரங்கள புள்ளைங்களே சேர்ந்து மடக்குற கதை. அடிதடி, காமெடி எல்லாம் இருக்கு. தீபாவளிக் கலைநிகழ்ச்சியில மேடையேறிச் சொன்னேன்லா?"

சொல்லியிருந்தாள். கையைக் காலை ஆட்டிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, ஒரு கேமரா மட்டும் கிடைத்தால் போதும் என்று முடித்தாள். முன்வரிசையில் தொரையிலிருந்து வேலை வாங்கும் மண்டோர் வரை எல்லாரும் கைதட்டினார்கள். சதாசிவம் மட்டும் தட்டவில்லை. மகளை ஆபீஸிலேயே சின்னக் கிராணியாக உட்கார வைத்துவிட்டு, காலா காலத்தில் கல்யாணம் செய்து கொடுக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

"கேமரா ஏது?"

"மாயாண்டி அண்ணனோடது. ஈப்போவுல கல்யாண வீடியோ எடுக்குறாரு. சும்மாவே எடுத்துத் தாரேன்னு வந்தாருப்பா. கலை ஆர்வம்."

மாயாண்டி அடக்கமாகச் சிரித்தான்.

சதாசிவம் சுற்றிலும் பார்த்தார். ஐந்து கொள்ளைக்காரர்கள், ஐந்து கறுப்பு முகமூடிகள். ஒவ்வொன்றும் முக்கோணமாக, ஓரத்தில் கம்பி நுழைகிற தையலோடு இருந்தது. குடை கிடைத்துவிட்டது. துப்பாக்கிகளும் அவருக்குத் தெரிந்தவைதான். முன்னால் இருந்த தொரை, லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் தருகிறேன் என்று சொல்லி இறக்கிய குழாய்கள். ஆபீஸ் பின்னால் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தன. குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை.

"பாவி மகளே, நான் கோலாலம்பூருக்கே சொல்லிட்டேனே."

"கோலாலம்பூர் வரைக்கும் போயிருச்சா?" என்று நாற்காலியிலிருந்து அப்பாவு வாத்தியார் கேட்டார். அவருக்கு ஒரே சந்தோஷம். இளம் வயசில் தைப்பிங் நாடக மேடைகளில் அரிச்சந்திரனாக அழுதவர். "அப்ப நடிப்பு சரியாத்தான் இருந்திருக்கு."

கொள்ளைக்காரத் தலைவி கிராணியின் சொந்த மகள் என்று தொரைக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். வேலையோடு கிராணி வீடும் போகும். சதாசிவம் ஒரு முடிவு செய்தார். நேராகப் போய் உண்மையைச் சொல்லி, தொரை காலில் விழுந்துவிடுவது. உண்மை சொல்வது அவருக்குப் பழக்கமான வேலைதான்.

ஆபீஸுக்குள் நுழைந்து "சார், அது வந்து" என்று ஆரம்பித்தார். தொரை போனை அவர் காதில் வைத்துவிட்டார்.

"டைரக்டர் லைனிலை நிக்கிறார். அவையள் என்ன கேக்கினம் எண்டு சொல்லும்."

டைரக்டர் ஆங்கிலத்தில் கத்தினார். ஹெலிகாப்டர் என்று சொல்லச் சதாசிவத்துக்கு நாக்கு எழவில்லை. எழாத நாக்கில் எது ஊறிக் கிடந்ததோ அதுதான் வந்தது. இந்த இரண்டு வருஷத்தில் தொரை சொல்லச் சொல்ல அவர் மூன்று முறை டைப் அடித்துக் கோலாலம்பூருக்கு அனுப்பி, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று மூன்று முறையும் பதில் வந்த அதே வாசகம்.

"லயத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணி வேணுமாம் சார்."

"அவ்வளவுதானா?" என்றார் டைரக்டர். "கொடுத்துத் தொலை."

சதாசிவத்தின் காது இரண்டும் மிளகாயாகச் சிவந்தன. போனில் காது தெரியாது, நடுக்கம் மட்டும்தான் கேட்கும். அந்த நடுக்கத்தைக் கேட்டுத்தான் டைரக்டர் மேலும் பயந்தார். ஈப்போ கிளையிலிருந்து லியோங் என்ற அதிகாரி வந்து கண்ணால் பார்த்து உறுதி சொல்வார், சொன்னதும் வேலைக்கு உத்தரவு வரும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

தொரை நிதானமாக நாற்காலியில் சாய்ந்தார்.

"வேற ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லீங்க சார்."

"வடிவாக் கேட்டுப் பாரும். இப்பிடியான ஆக்கள் ஒண்டோடை நிக்கமாட்டினம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே பூதம் புறப்பட்டதும் தண்ணீரும் வந்துவிட்டது. இனிமேல் உண்மையைச் சொன்னால் வேலை மட்டும் போகாது, லயத்துக்கு வரப்போகிற தண்ணீரும் போய்விடும். லியோங் வந்து பார்க்கும்போது பள்ளிக்கூடத்தில் கொள்ளைக்காரர்கள் இருந்தாக வேண்டும். சதாசிவம் மறுபடியும் ஓடினார்.

அவர் போனபோது கொள்ளைக்காரர்களும் பணயக்கைதியும் ஒரே பொட்டலத்தில் மீகூன் தின்றுகொண்டிருந்தார்கள். வெளியே லயமே திரண்டு நின்றது. சன்னாசியின் பேச்சைக் கேட்டுப் பாராங் கத்தியோடு ஓடி வந்தவர்கள், பாப்பாவைப் பார்த்ததும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் சன்னலில் நின்று அம்மாக்களுக்குக் கை காட்டினார்கள்.

"மறுபடியும் கட்டுங்க. வாத்தியார மறுபடியும் கட்டுங்க" என்றார் சதாசிவம்.

"அந்தச் சீனு முடிஞ்சிருச்சேப்பா."

"முடியல. ஈப்போவுல இருந்து ஆள் வாரான். நீங்க நெசமாவே கொள்ளக்காரங்கன்னு அவன் நம்பணும். நம்பினா லயத்துக்குக் குழாய்த் தண்ணி. கோலாலம்பூரு ஒத்துக்கிட்டாச்சு."

தொழிற்சங்கத் தலைவர் ஐயாவு முன்னால் வந்தார். இருபது வருஷமாக மனுக் கொடுத்துக் கொடுத்து விரல் தேய்ந்தவர்.

"யாரு கேட்டதுக்குக் குடுத்தாங்க?"

"கொள்ளக்காரங்க கேட்டதுக்கு."

"அப்ப கக்கூஸும் கேக்கச் சொல்லுங்க."

"ஐயாவு, இது வெளையாட்டு இல்ல."

"நானும் வெளையாடல கெராணியாரே. சங்கம் கேட்டா அடுத்த வருஷம்னு சொல்றான். துப்பாக்கி கேட்டா உடனே குடுக்கறான். நான் என்னா செய்ய?"

பிள்ளை பார்க்கும் இருளாயிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "ஆயாக்கொட்டகைக் கூரை ஒழுவுதுய்யா. மழை பேஞ்சா தொட்டிலு தொட்டிலா நகத்திக்கிட்டிருக்கேன்."

"என் கொழுந்தன லூமுட் பக்கத்துத் தோட்டத்துக்கு மாத்திவிடச் சொல்லுங்க" என்றாள் வீரம்மா. "கோழி களவாண்டுக்கிட்டே இருக்கான்."

"இது கொள்ளக்காரங்க கேக்குற மாதிரியாம்மா இருக்கு?"

"ஏன், கொள்ளக்காரங்க கோழி வளக்க மாட்டாங்களா?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. சதாசிவம் ஆபீஸுக்குத் திரும்பிப் போய், மூச்சு வாங்க நின்றார்.

"கக்கூஸும் வேணுமாம் சார்."

"நியாயமான ஆக்கள்தான். கூரையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டாங்க சார். ஆயாக்கொட்டகைக் கூரை."

"ஓம், அது கேக்க வேண்டிய சாமான்தான்."

பயம் வந்துவிட்டால் பெரிய மனிதர்கள்கூடத் தாமாகவே அள்ளிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று சதாசிவம் நினைத்துக்கொண்டார். அவருக்குத் தொரைமேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தியது. கொழுந்தன் விஷயத்தை அவர் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் லியோங் வந்து சேர்ந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். மலாய், ஆங்கிலம், கான்டனீஸ் தெரியும், தமிழ் தெரியாது. தொரையின் ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். சன்னலில் அப்பாவு வாத்தியார் கட்டுண்டு தெரிந்தார். அவருக்கு இருபுறமும் குழாய்த் துப்பாக்கிகள் நீட்டிக்கொண்டிருந்தன. லயத்துப் பெண்கள் மாரிலடித்து அழுதார்கள். வீரம்மாவின் அழுகை எல்லாரையும் மிஞ்சியது. அதில் கோழியும் இருந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அப்பாவு வாத்தியாருக்குப் புதிதாக ஒரு பார்வையாளர் கிடைத்துவிட்டார். அரிச்சந்திரனால் சும்மா இருக்க முடியவில்லை.

"கேளுங்கள் பெரியோர்களே," என்று அவர் சன்னல் அதிர முழங்கினார். "என் உயிர் போனாலும் போகட்டும். இந்தக் கொடியவர்களின் கோரிக்கை ஒன்றைக்கூட ஏற்காதீர்கள். ஏற்காதீர்கள். ஏற்கவே ஏற்காதீர்கள்."

ஐயாவு தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் என்ன சொல்கிறார் என்று லியோங் மலாயில் கேட்டார்.

சதாசிவம் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த உண்மையெல்லாம் அந்த ஒரு நொடியில் செலவாகிவிட்டது.

"வீட்டுல பெண்டாட்டி புள்ளைங்க காத்திருக்கு, கேக்குறத சீக்கிரம் குடுத்துருங்கன்னு கெஞ்சுறாரு சார்" என்று மலாயில் சொன்னார்.

காது எரிந்தது. தமிழ் தெரிந்த ஒரே அதிகாரி பக்கத்தில் நிற்கிறாரே என்று பயந்து திரும்பிப் பார்த்தார். தொரை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், இளகிய மனசு, வாத்தியாரின் வீரத்தைக் கேட்டு அழுகிறார் என்று சதாசிவம் நினைத்தார். மனசு இன்னும் உறுத்தியது.

லியோங் நல்ல மனிதர். அதுவும் சங்கடமாகப் போய்விட்டது. வாத்தியார் பாவம், வயசானவர், முதலில் அவரை விடச் சொல்லுங்கள், நானே போய்ப் பேசுகிறேன் என்று சன்னலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இன்னும் பத்தடி போனால் துப்பாக்கியின் மறுமுனையில் குழாய் திருகுகிற மரை தெரியும். பாப்பாவும் அதைப் பார்த்துவிட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"நில். ஒருவரை விட வேண்டுமானால் இன்னொருவர் உள்ளே வர வேண்டும்."

இதைச் சதாசிவம் மொழிபெயர்த்ததும் லியோங் நின்றார். பிறகு நடந்த அடிகளையெல்லாம் பின்னாலேயே திரும்ப நடந்தார். யார் போவது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நம்ம கெராணியார் இருக்காருலா" என்றார் ஐயாவு.

கூட்டம் வழி விட்டது. வழி விட்டதோடு முதுகில் லேசாகத் தள்ளியும் விட்டது. சதாசிவம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவு வாத்தியார் விடுதலையாகி மனமில்லாமல் வெளியே போனார். பாப்பா கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

"இறுக்காத பாப்பா. நடிப்புத்தானே."

"தூரத்துல இருந்து பாக்குறாருப்பா. நெசமா இருக்கணும்லா."

"கை வலிக்குதும்மா."

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவா?"

"இப்பத்தான் நீங்க எந்திரிச்சுப் போக முடியாது." பாப்பா நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "நான் ஈப்போவுல ஆறாம் படிவம் படிக்கப் போறேன். ஆபீஸ் வேலை வேணாம். கல்யாணமும் இப்ப வேணாம். மூணு மாசமாச் சொல்றேன், நீங்க பேப்பரத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிறீங்க."

"இது படத்துல இருக்கா?"

"இது படத்துல இல்லப்பா."

சதாசிவம் மகளைப் பார்த்தார். காலையிலிருந்து இந்தப் பெண் ஒரு தோட்டத்தையே பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. இதைக் கொண்டுபோய் ஆபீஸ் மூலையில் உட்கார வைத்துக் கூலிக் கணக்குச் செக்ரோல் எழுதச் சொன்னால் அந்த மூலை எத்தனை நாள் தாங்கும்? அவருக்கு முதல் முறையாக அப்படித் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமை வந்ததும் கண் கலங்கிவிட்டது.

"போ. பஸ்ஸுல போய்ட்டு பஸ்ஸுல வந்துரணும்."

"சத்தியமா?"

"என் காதைப் பாரு."

பாப்பா பார்த்தாள். காது சாதாரணமாக இருந்தது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

மாயாண்டி கேமராவை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "அழுவறது நல்லா வருதுண்ணே. அப்படியே அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு வாட்டி அழுவுங்க."

கிராணியே தன்னைக் கொடுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு லியோங்குக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. ஆபீஸுக்குப் போய்க் கோலாலம்பூரைக் கூப்பிட்டார். தண்ணீர், கக்கூஸ், கூரை மூன்றுக்கும் உத்தரவு வந்தது. யாரும் போலீசுக்குப் போகக் கூடாது, பேப்பர்காரனிடம் வாய் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான் டைரக்டர் போட்ட நிபந்தனை. கொள்ளைக்காரர்கள் பின்பக்கச் சன்னல் வழியாகக் குதித்து ரப்பர் மரக் கித்தாக்காட்டுக்குள் ஓடினார்கள். ஓடி, சுற்றிக்கொண்டு லயத்துப் பக்கமாக வந்து, முகம் கழுவி, கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"படம் எப்பண்ணே பாக்கலாம்?" என்று பாப்பா கேட்டாள்.

"கழுவணும்லா. நாளாவும்" என்று சொல்லிவிட்டு மாயாண்டி மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

தொரை சதாசிவத்தின் தோளைத் தட்டினார்.

"உம்மை மாதிரி ஒரு ஆள் இல்லாட்டி இது நடந்திராது, சதாசிவம்."

சதாசிவம் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

தைப்பூசம் கழிந்து குழாய் திறப்பு விழா வந்தது. லயத்து முனையில் புதுக் குழாய்கள் வரிசையாக நின்றன. வீரம்மா ஒரு குழாய்க்குக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தாள். ஆயாக்கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. இருளாயி மழை வருமா என்று ஆசையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா ஈப்போப் பள்ளிக்கு மனுப் போட்டுவிட்டாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். சதாசிவம் மட்டும் இளைத்துப்போயிருந்தார். கழுத்துப் பட்டை அளவு இரண்டு குறைந்துவிட்டது என்று காளியம்மா சொன்னாள். குடையும் புதிதாக வாங்கியாயிற்று, பிறகு என்ன கவலை என்று அவளுக்குப் புரியவில்லை.

அவருக்குக் கவலையெல்லாம் அந்த டேப்தான். பாப்பா கொள்ளைக்காரியாக நிற்பதும், அவர் 'வாத்தியார மறுபடியும் கட்டுங்க' என்று கத்துவதும் அதில் இருக்கும். அது தொரை கண்ணில் பட்டால் எல்லாம் முடிந்தது.

விழாவுக்குக் கோலாலம்பூர் டைரக்டரே வந்திருந்தார். அவர் குழாயைத் திருகினார். முதலில் காற்று வந்தது, பிறகு சிவப்பாகத் துரு வந்தது, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். தன் அம்மா கிணற்றிலிருந்து சுமந்த தண்ணீர் சதாசிவத்துக்கு ஞாபகம் வந்தது. பொய் சொன்னாலும் சொன்னோம், இதற்குத்தானே சொன்னோம் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேமராவும் தோளுமாக மாயாண்டி வந்தான். விழாவைப் படம் எடுக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். டைரக்டருக்கும் தொரைக்கும் நடுவில் அவன் நிற்பதைப் பார்த்ததும் சதாசிவத்துக்கு உயிர் போய்த் திரும்பியது. கையைப் பிடித்து ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, அந்தப் படத்து டேப்ப என்கிட்டக் குடுத்துரு."

"எந்தப் படம்ணே?"

"பள்ளிக்கூடத்துப் படம்தான்லா. தொரை கண்ணுல பட்டா என் வேலையும் போவும், வீடும் போவும். ராத்திரி தூக்கமே இல்லப்பா. உனக்குப் புண்ணியமா இருக்கும்."

மாயாண்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சாபார்லாண்ணே, பொறுங்க. நான் ஒண்ணு சொல்றேன், பாப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா அது என்னையத்தான் நாக்காலியில கட்டிரும்."

"சொல்லல. முதல்ல டேப்பக் குடு."

"இருந்தாத்தானேண்ணே குடுக்க. டேப்பெல்லாம் போட வேணாம், கேமராவச் சும்மா தோள்ல தூக்கிக்கிட்டு நின்னா போதும்னு சொல்லித்தானே அன்னைக்குத் தொரை என்னைய வரச் சொன்னாரு."